அக்கா தம்பி ஆன பிறகு

2022 நவம்பரில் தமிழக பாஜகவில் ஓர் ஒலிப்பதிவு வெளியானது. சிறுபான்மையினர் அணியின் பெண் நிர்வாகியை, இன்னோர் அணியின் ஆண் நிர்வாகி தொலைபேசியில் காதுகொடுத்துக் கேட்க முடியாத சொற்களால் திட்டுகிறார். கட்சி விசாரணை வைத்தது. 24ஆம் தேதி திருப்பூர் கட்சி அலுவலகத்தில் விசாரணை முடிந்ததும் இருவரும் சேர்ந்தே செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். நாங்கள் அக்கா தம்பி போலப் பழகுகிறவர்கள், பேசித் தீர்த்துக்கொண்டோம் என்றார்கள். அன்றே அந்த ஆண் நிர்வாகி 6 மாதத்துக்குப் பொறுப்புகளிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு கட்சி நிர்வாகியான நடிகை காயத்ரி ரகுராமையும் கட்சி நீக்கிவைத்திருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. கட்சியில் நடப்பதைப் பற்றிப் பொதுவெளியில் பேசினார். அவருக்கும் 6 மாதம்தான்.

இந்த இரண்டு 6 மாதங்களை ஒப்பிட்டு அப்போதே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது அந்த 'அக்கா தம்பி'. பெண் நிர்வாகி சமரசத்துக்கு ஒத்துக்கொண்டதை நான் குறை சொல்லவில்லை. அது அவருடைய உரிமை. அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த நெருக்கடி தெரியும். உறுத்துவது என்னவென்றால், ஓர் அரசியல் கட்சியின் நிர்வாகி இன்னொரு நிர்வாகியை அவமதித்த விவகாரம், உறவுச்சொல் ஒன்று நடுவே வந்ததும் வீட்டுச் சண்டையாக மாறிவிட்டது. வீட்டுச் சண்டைக்கு விசாரணை அறிக்கை தேவையில்லை. தேதி தேவையில்லை. யார் என்ன சொன்னார் என்று எழுதிவைக்க வேண்டியதில்லை. தம்பி கோபத்தில் பேசிவிட்டான், அக்கா மன்னித்துவிட்டாள், அவ்வளவுதான். மன்னிக்காமல் வெளியே போய்ச் சொல்கிறவள்தான் அதன்பின் குற்றவாளி.

பாஜகவை மட்டும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்சியும் உறவுமுறையில்தான் இயங்குகிறது. தலைவர் அண்ணன், தலைவி அம்மா, தொண்டர் உடன்பிறப்பு, கட்சியே தாய்க் கழகம். இந்தச் சொற்களால் கிடைத்த நன்மையை மறுக்க மாட்டேன். சாதிப் பெயர் சொல்லி, ஐயா சாமி என்று கும்பிட்டு நின்ற ஊர்களில் 'அண்ணே' என்று கூப்பிட வைத்தது பெரிய காரியம். ஆனால் குடும்பம் என்றால் அதில் மூத்தவர் உண்டு, அடங்கிப் போக வேண்டியவர் உண்டு. அதிமுகவில் ஒருவரை நீக்கும் அறிவிப்பின் கடைசி வரியைப் பாருங்கள். கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கியதாகச் சொல்லிவிட்டு, கழக உடன்பிறப்புகள் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடியும். ஊர்விலக்கு வைப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அந்த வரி ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆனால் நீக்கப்பட்ட ஆணிடம் அவருடைய கோஷ்டி மிச்சமிருக்கும். பெண்ணிடம் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

உறவு என்ன என்ற கேள்வி

பெண்ணுக்கு உறவை வைத்தும் ஆணுக்குப் பதவியை வைத்தும் கணக்குப் பார்ப்பது எப்போது வெளிப்படையாகத் தெரிந்தது என்றால், 1987 டிசம்பர் 24க்குப் பிறகு வந்த பதினைந்து மாதத்தைத்தான் சொல்வேன். எம்.ஜி.ஆர். மறைந்தார். நெடுஞ்செழியன் அமைச்சரவையில் மூத்தவர், அதனால் பொறுப்பு முதல்வர். ஆர்.எம்.வீரப்பன் கட்சியை நடத்தத் தெரிந்தவர், அதனால் அவர் சொல்லுக்கு மதிப்பு. ஜெயலலிதா 1983 முதல் கொள்கை பரப்புச் செயலாளர், 1984 முதல் மாநிலங்களவை உறுப்பினர். ஆண்களுக்குப் போட்ட அளவுகோலைப் போட்டிருந்தால் அவருக்கும் ஒரு வரிசை எண் கிடைத்திருக்கும். ஆனால் அவரைப் பற்றிக் கட்சிக்குள் எழுந்த கேள்வி வேறு: இவர் அவருக்கு யார்? ராஜாஜி மண்டபத்தில் இரண்டு நாள் உடலருகே நின்றவரை, இறுதி ஊர்வல வண்டியில் ஏறியபோது கீழே தள்ளினார்கள். தள்ளியது எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல.

ஜானகி அம்மையாருக்கும் அதே அளவுகோல்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எம்.ஜி.ஆரின் மனைவி என்பதால் அவர் முன்னிறுத்தப்பட்டார். அரசியலில் அவருக்கு என்ன கருத்து என்று கட்சியில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1988 ஜனவரி 7 அன்று பதவியேற்றார், 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் சட்டமன்றத்துக்குள் காவல்துறை தடியோடு நுழைந்தது, 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர் என்ற பெருமைக்குரியவர், ஒரு மாதம்கூட அந்த நாற்காலியில் இருக்கவில்லை. அடுத்த ஓராண்டு இரண்டு அணிகளும் ஆட்சியில்லாமல் மோதின. இரட்டை இலை முடக்கப்பட்டது. ஒரு பக்கம் சேவல், மறுபக்கம் இரட்டைப் புறா. மேடைகளில் பேசப்பட்டது கொள்கை அல்ல. இரண்டு பெண்களில் யாருடைய உறவு மதிப்புள்ளது என்பதே பேச்சாக இருந்தது. பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1989 ஜனவரித் தேர்தலில் ஜெ. அணி 21 விழுக்காடு வாக்கோடு 27 இடங்களைப் பிடித்தது. ஜானகி அணிக்கு 9 விழுக்காடு. ஆண்டிப்பட்டியில் ஜானகியே தோற்றார். பிறகு அணிகள் இணைந்தன. உறவுக் கணக்கைத் தேர்தல் கணக்கு தீர்த்துவைத்தது.

1989 மார்ச் 25 எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவரான ஜெயலலிதா, அவை அமளிக்குப் பின் கலைந்த தலையோடு சட்டமன்றத்திலிருந்து வெளியே வந்த நாள். அதைக் கட்சி மறக்கவில்லை, மறக்கவும் விடவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் மேடையேற்றியது. ஆனால் ஊர்வல வண்டியிலிருந்து தள்ளியதைக் கட்சி தன் தவறாகப் பேசியதே இல்லை. அது தலைவியின் சோதனைக் காலத்தின் ஒரு காட்சியாக மட்டும் சுருங்கிவிட்டது. எதிரி செய்தால் அது பெண்ணுக்கு இழைத்த அநீதி. உள்ளே இருப்பவன் செய்தால் அது குடும்பத் தகராறு. தள்ளியவர்கள் பக்கம் நின்ற பலர் பின்னாளில் அவர் காலில் விழுந்தார்கள். அதைப் பெண்ணின் வெற்றி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காலில் விழ வைத்ததால் ஒரு விதிகூட மாறவில்லை. ஒன்றியச் செயலாளராக வர நினைத்த ஒரு பெண்ணுக்கு 1987இல் இருந்த கதவு எப்படியோ, 2016இலும் அப்படியேதான் இருந்தது.

ஆட்சி போனால் பூசல் ஏன் கூடுகிறது

ஆட்சியில் இருக்கும்போது கட்சியில் பகிர நிறைய இருக்கிறது. வாரியத் தலைவர், கூட்டுறவுச் சங்கம், அறங்காவலர் குழு, அரசு வழக்கறிஞர் பணி, ஒப்பந்தம். ஒருவருக்கு மாவட்டச் செயலாளர் (மா.செ.) பதவி இல்லையென்றால் வேறு ஏதாவது கொடுத்து அமர்த்திவிடலாம். ஆட்சி போனதும் மிஞ்சுவது இரண்டே: கட்சிப் பொறுப்பு, அடுத்த தேர்தலில் சீட். அதிமுகவும் திமுகவும் மாவட்டங்களைப் பிரித்துப் பிரித்து மா.செ.க்களின் எண்ணிக்கையைக் கூட்டிவந்ததில் நிர்வாக வசதியும் உண்டு, இந்தப் பசிக்குத் தீனி போடுவதும் உண்டு. அப்படிப் பிரித்தும் போதாதபோது, யாரை வரிசையிலிருந்து எளிதாக வெளியேற்றலாம் என்று பார்ப்பார்கள். ஓர் ஆணை வெளியேற்ற அவர் கணக்கு வழக்கைக் கிளற வேண்டும், ஆளுங்கட்சியோடு தொடர்பு என்று நிரூபிக்க வேண்டும். பெண்ணுக்கு அந்தச் சிரமமே இல்லை. யாருடன் காரில் வந்தார் என்ற ஒற்றை வாட்ஸ்அப் செய்தி போதும். மறுப்பு எழுதினால் செய்திக்கு இன்னும் இரண்டு நாள் ஆயுள் கூடும். எழுதாவிட்டால் ஒத்துக்கொண்டதாகப் பொருள். கோஷ்டிப் பூசலில் மிக மலிவான ஆயுதம் இதுதான்.

அடுத்தது, புகாரே கோஷ்டியின் சொத்தாகிவிடுவது. ஒரு பெண் நிர்வாகி மேலே எழுதும் கடிதம் தலைமைக்குப் போவதற்கு முன்பே அவர் எந்த அணி, யாருடைய ஆள் என்பது போய்ச் சேர்ந்துவிடும். புகாருக்கு ஆளானவரின் எதிர்க்கோஷ்டி உடனே அதைக் கையில் எடுத்து ஊடகத்துக்குக் கொடுக்கும். பெண்ணின் மீது அக்கறையால் அல்ல. அந்த நொடியிலிருந்து அது உண்மையா பொய்யா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். தூண்டிவிட்டது யார் என்று மட்டுமே தேடுவார்கள். தலைமைக்கும் இது வசதி. புகாரைத் தீர்ப்பதற்குப் பதிலாக இரண்டு கோஷ்டிகளையும் சமாதானம் செய்தால் போதும். 'ஆளுங்கட்சிக்கு நாமே தீனி போடலாமா' என்ற ஒரு வாக்கியம் எதிர்க்கட்சியில் எந்த வாயையும் அடைத்துவிடும். ஐந்தாண்டும் ஏதாவதொரு தேர்தல் வந்துகொண்டே இருப்பதால் அந்த வாக்கியத்துக்கு ஓய்வே கிடையாது.

2013ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திமுக எதிர்க்கட்சி வரிசையில் தேமுதிகவுக்கும் பின்னால் இருந்த காலம். அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி வெளிப்படையாக வந்துவிட்டது. ஜனவரியில் கருணாநிதியின் மகன் மு.க.அழகிரி, தலைவரே வாரிசை நியமிக்கக் கட்சி ஒன்றும் மடம் அல்ல என்றார். பெரிய செய்தியானது, அதோடு முடிந்தது. பிப்ரவரியில், அப்போது திமுகவில் இருந்த நடிகை குஷ்பு ஒரு வாரஇதழ்ப் பேட்டியில், அடுத்த தலைவர் ஸ்டாலின்தான் என்று முடிவாகிவிடவில்லை, பொதுக்குழுதான் தேர்ந்தெடுக்கும் என்ற பொருளில் பேசினார். திமுக சட்டதிட்டத்தில் உள்ளதுதான் அது. சென்னையில் அவர் வீட்டின் மீது கல் விழுந்தது, திருச்சியில் தங்கியிருந்த விடுதியில் செருப்பு வீசினார்கள். ஒரே கருத்தை மகன் சொன்னால் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு. வெளியிலிருந்து வந்த பெண் சொன்னால் திமிர். அடுத்த ஆண்டு ஜூனில் அவர் கட்சியை விட்டுப் போனார். வீசியவர்கள் எந்தக் கோஷ்டி என்று அப்போது நடந்த விவாதத்தில் பாதிகூட, வீசியது சரியா என்று நடக்கவில்லை.

சீட்டுக் கதையும் இதே. விருப்ப மனுக் கட்டணத்தில் பெண்களுக்குச் சலுகை உண்டு. 2021இல் திமுகவில் பொதுவாக ரூ.25,000, பெண்களுக்கு ரூ.15,000. ஆனால் பெண்கள் உதிர்வது கட்டணத்தில் அல்ல. நேர்காணலில் கேட்கும் முதல் கேள்வியே எவ்வளவு செலவு செய்வீர்கள் என்பதுதான். அதற்கடுத்தது மா.செ. பரிந்துரை. மகளிரணியில் இருபது வருடம் ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்டியவர், வேனுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் கணக்குப் பார்த்தவர், பூத் வாரியாக வாக்காளரைத் தெரிந்தவர் என்றாலும் அந்த அனுபவம் எல்லாம் மா.செ.யின் பெயரில்தான் வரவு வைக்கப்படும். மகளிரணி தனித் தண்டவாளம். அதில் எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒன்றியம், மாவட்டம் என்ற பிரதான தண்டவாளத்தில் ஏறும் இடம் கிடையாது. 2021இல் 234 தொகுதிகளில் வென்ற பெண்கள் 12 பேர். அந்தத் தேர்தலில் சரிபாதியாக 117 பெண்களை நிறுத்திய நாம் தமிழர் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. வெல்ல வாய்ப்புள்ள கட்சிகளின் பட்டியலில்தான் பெண்கள் குறைவு.

பக்கத்து மாநிலத்தில் அதே ஆண்டு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கேரளத்தில் காங்கிரஸ் அப்போது ஐந்தாண்டாக எதிர்க்கட்சி. மாநில மகளிர் காங்கிரஸ் தலைவர் லத்திகா சுபாஷ், மாவட்டத்துக்கு ஒரு பெண் என்ற கணக்கில் 14 இடமாவது தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மார்ச் 14 அன்று பட்டியல் வந்தது. அவர் கேட்ட ஏற்றுமானூரும் கூட்டணிக்குப் போயிற்று. திருவனந்தபுரம் கட்சித் தலைமையகம் இந்திரா பவன் முன்னால் உட்கார்ந்து தலையை மழித்துக்கொண்டார். கூட்டணிக்கு விட்ட தொகுதியை எப்படித் தருவது என்று தலைவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் 'ஏ' கோஷ்டிக்கு இத்தனை, 'ஐ' கோஷ்டிக்கு இத்தனை என்று பங்கு பிரிக்கும்போது, கோஷ்டியே இல்லாத மகளிர் காங்கிரஸுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. அவர் சுயேச்சையாக நின்று ஏழாயிரத்துக்கு மேல் வாக்கு வாங்கினார், பிறகு வேறு கட்சிக்குப் போனார். மகளிரணித் தலைவி என்ற பதவியின் முழு பலம் எவ்வளவு என்பது அன்று அந்த வாசலில் தெரிந்தது.

புகார் எங்கே போகும்

2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் கட்சிகளுக்குப் பொருந்துமா என்று நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தாயிற்று. தொண்டருக்கும் கட்சிக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை, எனவே உள்புகார்க் குழு அமைக்கும் கட்டாயம் இல்லை என்று 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆகவே ஜவுளிக்கடையில் பத்துப் பேர் வேலை பார்த்தால் குழு கட்டாயம், லட்சக்கணக்கான பெண் உறுப்பினர் உள்ள கட்சிக்குக் கட்டாயம் இல்லை. கட்சி அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணுக்கு உரிமை கோர வழி உண்டு, அதே அலுவலகத்தில் மேடை ஏறும் நிர்வாகிக்கு இல்லை.

அந்தச் சட்டத்தில் திருப்பூரோடு ஒப்பிட வேண்டிய ஒரு பிரிவு இருக்கிறது. பத்தாவது பிரிவு சமரசத்தை அனுமதிக்கிறது. ஆனால் விசாரணை தொடங்குவதற்கு முன், புகார் கொடுத்த பெண்ணே கேட்டால் மட்டும். பணம் அதன் அடிப்படையாக இருக்கக் கூடாது. என்ன முடிவானது என்று எழுத வேண்டும், நகல் இருவருக்கும் தர வேண்டும். சமரசம் மீறப்பட்டால் விசாரணைக்குத் திரும்பலாம். விசாரணை என்றால் 90 நாளில் முடிய வேண்டும், அதன்பின் 10 நாளில் அறிக்கை, 60 நாளில் நடவடிக்கை. குழுவின் தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர் கட்டாயம். எல்லாவற்றையும்விட முக்கியம், பெயரும் விவரமும் ஊடகத்துக்குப் போகக் கூடாது. கட்சிச் சமரசத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். எதுவும் எழுத்தில் இருக்காது, ஆனால் கேமரா முன்னால் இருவரும் நிற்க வேண்டும்.

கட்சிக்குள் இருக்கும் பெண்கள் இன்றைய நிலையில் செய்யக் கூடியவை கொஞ்சம்தான், ஆனாலும் செய்ய வேண்டியவை. ஒலிப்பதிவை வெட்டாமல், பதிவான போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியைக் காட்டினால் எங்கே ஒட்டினார்கள், எங்கே வெட்டினார்கள் என்ற கேள்வியிலேயே வழக்கு மூழ்கிவிடும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும். தலைமைக்கு எழுதும் கடிதத்தை நேரில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் கோஷ்டியைப் பற்றி, மா.செ.யின் மற்ற தவறுகளைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். என்ன சொன்னார், எந்தத் தேதி, யார் உடனிருந்தார், அது மட்டும். பழைய கணக்கையும் சேர்த்து எழுதியதாலேயே உண்மையான புகார்கள் கோஷ்டிக் கடிதமாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆபாசமான பேச்சு குற்றம்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாயச் சட்டத்தின் 75, 79 பிரிவுகளும், 1998இல் தமிழ்நாடு கொண்டுவந்த பெண்களைத் துன்புறுத்துதல் தடைச் சட்டமும் கட்சிக்காரருக்கும் பொருந்தும். மாநில மகளிர் ஆணையத்துக்கும் போகலாம். கட்சிக்குள் கேட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பத்தும் பத்தும்

கட்சிகள் தாங்களாகவே விதியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால், அதெல்லாம் நடக்கிற காரியமா என்பார்கள். நடக்கும். சட்டவிதியைத் திருத்துவது கட்சிகளுக்கு எவ்வளவு எளிது என்பதற்கு அதிமுகவே சாட்சி. 2017 செப்டம்பரில் பொதுச்செயலாளர் பதவிக்குப் பதிலாக ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் பதவிகளை உண்டாக்கினார்கள். 2021 டிசம்பரில் அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றினார்கள். 2022 ஜூலையில், எதிர்க்கட்சியாக இருந்தபோது, இரண்டையும் நீக்கிவிட்டுப் பொதுச்செயலாளரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது சேர்த்த தகுதிகளைக் கவனிக்க வேண்டும். போட்டியிடுபவர் 10 ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும், 5 ஆண்டு தலைமைக் கழக நிர்வாகியாக இருக்க வேண்டும், 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், வேறு 10 மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும்.

அந்த வேலி, எடப்பாடி பழனிசாமியோடு தலைமைக்கு மோதிய ஓ.பன்னீர்செல்வத்தை மனதில் வைத்துப் போட்டது என்றே எல்லோரும் படித்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் அந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளர்களில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இருபது மாவட்டச் செயலாளர்களின் கையெழுத்தை வாங்கக் கூடிய ஒரு பெண் நிர்வாகி எங்கிருந்து வருவார்? 27 ஆண்டுகள் ஒரு பெண்ணைப் பொதுச்செயலாளராக வைத்திருந்த கட்சி இது. அதே விதி 1989இல் இருந்திருந்தால் ஜெயலலிதாவே மனு கொடுத்திருக்க முடியாது. அவர் உறுப்பினராகி அப்போது ஏழு ஆண்டுகூட முடியவில்லை. பெண்களை விலக்க வேண்டும் என்று யாரும் அந்த விதியை எழுதவில்லை. இரண்டு ஆண்களின் சண்டைக்காக எழுதியபோது, பெண்கள் யார் நினைவிலும் இல்லை.

அதே பொதுக்குழு நினைத்திருந்தால் இன்னும் நான்கு வரி சேர்த்திருக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் பெண் தலைமையில், வெளியாள் ஒருவரோடு ஒரு புகார்க் குழு. 90 நாள் கெடு. புகார் கொடுத்தவர் மீது அந்தக் கெடு முடியும்வரை ஒழுங்கு நடவடிக்கை கூடாது. மாவட்டச் செயலாளர்களில் மூன்றில் ஒருவர் பெண். நேரமில்லை என்று சொல்ல முடியாது. கூட்டம் நடத்தலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னதே 2022 ஜூலை 11 அன்று காலை 9 மணிக்குத்தான். வானகரம் மண்டபத்தில் மதியச் சாப்பாட்டுக்குள் சட்டவிதி மாறியிருந்தது.